ஐந்து பெயர் கேட்டார்கள், ஐவரும் ஆண்கள்: ஆய்விதழின் தலைமை நாற்காலிக்கு ஆள் எப்படி வருகிறது?

#1 நெய்தல்

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் கடல் உயிரியல் துறையில் ஓரளவு பெயருள்ள ஆய்விதழ் ஒன்றின் முதன்மை ஆசிரியர் இந்த ஆண்டோடு விலகுகிறார். அவருக்குப் பின் வரத் தகுந்த ஐந்து பேரைச் சொல்லும்படி, வரும் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வாளர்கள் சிலரிடம் கேட்டிருக்கிறார்; நானும் அவர்களில் ஒருத்தி. தேநீர் ஆறுவதற்குள் ஐந்து பெயர்களை எழுதி அனுப்பிவிட்டேன்.

இரவு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ஐவரும் ஆண்கள். என் முனைவர் பட்ட நெறியாளர் ஒரு பெண். என் கட்டுரைகளில் நான் அடிக்கடி மேற்கோள் காட்டும் மூவரில் இருவர் பெண்கள். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. ‘முதன்மை ஆசிரியர்’ என்று படித்தவுடன் என் மனம் தானாகவே ஒரு நரைத்த தாடியைத் தேடிப் போயிருக்கிறது.

அந்த எரிச்சலில் பெரிய இதழ்களின் வரலாற்றைப் புரட்டினேன். ‘நேச்சர்’ 1869இல் தொடங்கியது. முதல் பெண் முதன்மை ஆசிரியர் மக்தலேனா ஸ்கிப்பர், 2018இல். ‘சயன்ஸ்’ 1880, மார்சியா மெக்நட், 2013. மருத்துவ இதழ்களில் ‘பி.எம்.ஜே’ 1840, ஃபியோனா காட்லீ, 2005. ‘ஜாமா’ 1883, கேத்தரின் டி ஆஞ்சலிஸ், 2000. ‘லான்செட்’ 1823இல் தொடங்கியது. 1995இல் அமர்ந்த ரிச்சர்ட் ஹார்ட்டன் வரை அந்த நாற்காலியில் ஒரு பெண்ணும் உட்காரவில்லை.

பெண்கள் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நாற்காலி காலியாகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் என் பட்டியலைப் போலத்தானா?

#2 கணக்குப்பிள்ளை

‘நேச்சர்’ காத்திருந்தது 149 ஆண்டு என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். அதை வேறு விதமாக எண்ணிப் பாருங்கள். ஸ்கிப்பருக்கு முன் ‘நேச்சர்’ தலைமையில் இருந்தவர்கள் மொத்தம் ஏழே பேர். லாக்கியர் ஒருவரே 1919 வரை, ஐம்பது ஆண்டு. பிறகு கிரிகரி, பிரிம்பிளும் கேலும் சேர்ந்து, இரண்டு தடவையாக மேடக்ஸ், இடையில் டேவிஸ், 1995 முதல் கேம்பல். நூற்றாண்டு ஒன்றரையாக இருந்தாலும் தீர்மானம் எடுக்கப்பட்டது சில தடவைதான். நாற்காலி இருபது ஆண்டுக்கு ஒரு முறை காலியானால், உலகம் எவ்வளவு மாறினாலும் அது அங்கே தாமதமாகவே தெரியும். வேதியியலில் ‘ஜாக்ஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் அமெரிக்க வேதியியல் சங்க இதழில் 1982 முதல் 2020 வரை இரண்டே பேர்: ஆலன் பார்ட், பீட்டர் ஸ்டாங்.

இனி பெரிய எண்கள். 2023இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வந்த ஆய்வு, எல்சவியர் பதிப்பகத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்விதழ்களில் ஐம்பது ஆண்டுகளாகப் பணியாற்றிய 81,000 ஆசிரியர்களை எண்ணியது. கட்டுரை எழுதியோரில் பெண்கள் 26 சதவீதம். ஆசிரியர்களில் 14. முதன்மை ஆசிரியர்களில் 8. படி ஏற ஏறப் பாதியாகிக்கொண்டே போகிறது.

கணிதம் இன்னும் மோசம். 2016இல் டோபாஸும் சென்னும் 435 இதழ்களின் 13,067 ஆசிரியர் குழு இடங்களை எண்ணினார்கள். பெண்களிடம் இருந்தவை 8.9 சதவீதம். மருத்துவம் சற்றுத் தேவலை. 2021இல் முன்னணி மருத்துவ இதழ்களில் எண்ணியபோது 444 முதன்மை ஆசிரியர்களில் 94 பேர் பெண்கள். அதாவது 21 சதவீதம். மருத்துவக் கல்லூரி வகுப்பறைகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கவும்.

#3 மணிமுத்தாறு

நான் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியன். ஒரு சங்கத்தின் ஆய்விதழை ஒன்பது ஆண்டு நடத்தியவன். அந்தப் பதவியை ஏதோ சிம்மாசனம்போல் பேசுகிறீர்கள். சம்பளம் கிடையாது. நள்ளிரவில் உட்கார்ந்து, பதில் போடாத மதிப்பாய்வாளருக்கு மூன்றாவது நினைவூட்டல் எழுதுவதுதான் அந்த வேலை. யார் ‘சரி’ என்கிறாரோ அவரைச் சேர்த்துக்கொள்வோம், வேறு வழியில்லை. என் காலத்தில் மூன்று பெண் பேராசிரியர்களை இணை ஆசிரியராக அழைத்தேன். இருவர் மறுத்துவிட்டார்கள். ஒருவர், வீட்டில் மாமியாருக்கு உடல்நிலை சரியில்லை என்றார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. முதன்மை ஆசிரியர்கள் அறுபதை ஒட்டிய வயதுக்காரர்கள். முப்பது ஆண்டுக்கு முன் ஆய்வுக்கு வந்தவர்களிலிருந்துதான் இன்று அவர்களைத் தேட முடியும். அன்று பெண்கள் குறைவு, இன்று தலைமையில் குறைவு. பொறுத்தால் தானாகச் சரியாகும்.

#4 கணக்குப்பிள்ளை

ஐயா, நீங்கள் சொன்ன வயதுக் காரணத்தை அதே 2023 ஆய்வு சோதித்திருக்கிறது. ஆய்வுப் பணியில் எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்தால், சாதாரண ஆசிரியர்களிடையே உள்ள ஆண் பெண் இடைவெளியை விளக்கிவிடலாம். முதன்மை ஆசிரியர் இடத்துக்கு வரும்போது அந்த விளக்கம் போதவில்லை. ஆகவே நடுப்படி வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. கடைசிப் படியில் வேறு ஏதோ இருக்கிறது.

#5 நெய்தல்

மணிமுத்தாறு ஐயா, ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளக் கூடாது. மறுத்த இரண்டு பெண்களையும் காரணத்தோடு நினைவில் வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் மறுத்த ஆண்கள் எத்தனை பேர்?

#6 மெய்ப்பு

நீண்ட காலமாக வாசிப்பதோடு சரி, இப்போதுதான் எழுதுகிறேன். சென்னையில் ஆய்விதழ்த் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் பதினாறு ஆண்டாக வேலை. பலருக்குத் தெரியாது, வெளிநாட்டு ஆய்விதழ்கள் ஏராளமானவை சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் பக்கம் கோக்கப்படுகின்றன. ‘உங்கள் படம் 3இன் தெளிவு போதவில்லை’ என்று ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியருக்குக் கேள்வி அனுப்புகிறவள் என்னைப் போன்ற ஒருத்தியாக இருக்கலாம்.

எங்கள் கூடத்தில் பெண்கள் நிறையவே உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் இதழ்களின் முகப்புப் பக்கத்தில் ஆசிரியர் குழுப் பட்டியலைத் திருத்தும் வேலை எங்களுக்கு வரும். புதுப் பெயர்களைச் சேர்ப்போம், பழைய பெயர்களை நீக்குவோம். பெண்களின் பெயர்கள் கூடுவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் எங்கே கூடுகின்றன என்பதையும் பார்க்கிறேன். முப்பது நாற்பது பேர் கொண்ட ‘ஆலோசனைக் குழு’வில் கூடும். அவர்களில் பலருக்கு ஆண்டு முழுவதும் ஒரு கைப்பிரதிகூடப் போகாது. அலங்காரத் தோரணம் என்று எங்கள் கூடத்தில் சொல்வோம்.

நீங்கள் எல்லோரையும் ‘ஆசிரியர்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கிறீர்கள். தமிழில் பள்ளிக்கூட வாத்தியாரும் ஆசிரியர், கட்டுரை எழுதியவரும் ஆசிரியர், அதை நிராகரித்தவரும் ஆசிரியர்! போகட்டும். இங்கே இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘நேச்சர்’, ‘செல்’ போன்ற இதழ்களில் இருப்பவர்கள் ஆய்வகத்தை விட்டு வந்த முழுநேர ஊழியர்கள். அங்கே வேலைக்கு விளம்பரம் வரும், விண்ணப்பிக்கலாம், நேர்காணல் உண்டு, பதவி உயர்வும் உண்டு. ஸ்கிப்பர் அப்படி வந்தவர். ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ தலைமையில் இருந்துவிட்டுத்தான் அந்த நாற்காலிக்குப் போனார். 1974இல் தொடங்கிய ‘செல்’ இதழின் தலைமைக்கு எமிலி மார்க்கஸ் 2003இலேயே வந்துவிட்டார். இன்னொரு வகை, ஐயா சொன்ன மாதிரி, பேராசிரியர்கள் தம் வேலைக்கு நடுவே பார்ப்பது. அங்கே விளம்பரத்தை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். போகிறவர் கையைக் காட்டுவார், வருகிறவர் உட்காருவார்.

பந்தியில் தெரிந்த முகத்துக்குத்தானே முதல் இலை.

#7 வடக்குவாசல்

மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன், அடிக்க வராதீர்கள். 2021இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் ஸ்குவாட்சோனி குழுவினர் 145 ஆய்விதழ்களின் உள் ஆவணங்களை ஆராய்ந்தார்கள். பெண்கள் எழுதிய கைப்பிரதிகள் மதிப்பாய்வில் பாரபட்சத்துக்கு உள்ளாகவில்லை. சொல்லப்போனால் சற்றே சாதகமாகத்தான் நடத்தப்பட்டிருக்கின்றன. கட்டுரைக்கு நியாயம் கிடைக்கிறது என்றால் மேலே யார் உட்கார்ந்திருந்தால் என்ன? தலைகளை எண்ணுவது அறிவியலா?

#8 நெய்தல்

அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். அது வந்தபோது பலருக்குப் பிடிக்காமல் போனது. பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது அளந்தது, வந்து சேர்ந்த கைப்பிரதிகளின் கதியை. ஆசிரியரின் அதிகாரம் ஏற்பதிலும் மறுப்பதிலும் மட்டும் இல்லை. யாரை மதிப்பாய்வுக்கு அழைப்பது, யாரைத் தலையங்கக் குறிப்பு எழுதச் சொல்வது, யாரைச் சிறப்பிதழுக்குப் பொறுப்பாக்குவது, இவையெல்லாம் அவர் கையில்.

அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியத்தின் இதழ்களில் 2012 முதல் 2015 வரை மதிப்பாய்வு செய்தவர்களில் பெண்கள் 20 சதவீதம். ஏற்கப்பட்ட கட்டுரைகளில் முதல் பெயராக வந்த கட்டுரையாளர்களில் 27. லெர்பேக்கும் ஹேன்சனும் 2017இல் எழுதியது இது. அழைப்பே குறைவாகத்தான் போயிருக்கிறது. அதே ஆண்டு ‘ஈலைஃப்’ இதழில் ஹெல்மர் குழுவினர் 142 இதழ்களை ஆராய்ந்து, ஆண் ஆசிரியர் ஆணையும் பெண் ஆசிரியர் பெண்ணையும் அதிகம் அழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். மேலே இருப்பவர் யார் என்பது கீழே யார் வருவார் என்பதைத் தொடுகிறது.

‘நேச்சர்’ 2012 நவம்பரில் தன் கணக்கைத் தானே வெளியிட்டது, அதைப் பாராட்ட வேண்டும். 2011இல் அதற்கு மதிப்பாய்வு செய்த 5,514 பேரில் பெண்கள் 14 சதவீதம். இத்தனைக்கும் அது தாடிக்காரப் பேராசிரியர்கள் நடத்தும் இதழ் இல்லை; மெய்ப்பு அக்கா சொன்ன முழுநேர ஊழியர்கள் நடத்துவது. அவசரத்தில் பெயர் தேடும்போது யார் மனத்திலும் முதலில் வருவது ஏற்கெனவே மேடையில் பார்த்த முகம்தான். என் ஐந்து பெயர்களும் அப்படி வந்தவைதான்.

#9 கணக்குப்பிள்ளை

வடக்குவாசல், தலைகளை எண்ணுவதில் இன்னொரு பயனும் உண்டு. மேலே சொன்ன 81,000 பேர் ஆய்வில், ஆசிரியர்களில் 12 சதவீதத்தினர் தங்கள் கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்கையாவது தாங்கள் ஆசிரியராக இருக்கும் இதழிலேயே வெளியிட்டிருக்கிறார்கள். 6 சதவீதத்தினர் மூன்றில் ஒரு பங்கை. பதவி ஏற்றதும் அந்த இதழில் சொந்தக் கட்டுரைகள் கூடும் வேகம் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். நாற்காலிக்குப் பலன் இல்லை என்று யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டுவேன்.

#10 மணிமுத்தாறு

அந்தப் பழக்கம் எங்களிடமும் இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன்.

#11 தாமிரத்தகடு

நான் மருத்துவர். இங்கே யாரும் கவனிக்காத ஒன்று. ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ 1812இல் தொடங்கியது. அதன் தலைமையில் அமர்ந்த முதல் பெண் மார்சியா ஏஞ்சல், 1999இல். எப்படி? நிர்வாகச் சங்கத்தோடு மோதிய முதன்மை ஆசிரியர் கசிரர் வெளியேற்றப்பட்டார். இடைக்காலப் பொறுப்பை அங்கே பல ஆண்டு உழைத்திருந்த ஏஞ்சல் ஏற்றார். 2000இல் நிரந்தரமாக வந்தவர் ஓர் ஆண்.

‘ஜாமா’வைப் பாருங்கள். 1999இல் அதன் ஆசிரியர் லண்ட்பெர்க் பதவி நீக்கப்பட்டு ஆசிரியர் சுதந்திரம் பற்றிப் பெரும் கூச்சல் எழுந்தது. அதன் பிறகு டி ஆஞ்சலிஸ். 2021இல் இனவெறி குறித்த ஓர் ஒலிபரப்பால் அடுத்த சர்ச்சை, ஆசிரியர் விலகல். அதன் பிறகு 2022இல் கிர்ஸ்டன் பிபின்ஸ்-டொமிங்கோ. படகில் ஓட்டை விழுந்த பிறகுதான் துடுப்பு பெண் கைக்கு வருகிறது.

#12 வடக்குவாசல்

கவர்ச்சியான வரி, ஆனால் மூன்று உதாரணத்தில் விதி செய்யாதீர்கள் டாக்டர். மெக்நட் வந்தபோது ‘சயன்ஸ்’ மூழ்கவில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்துவிட்டு அமைதியாக வந்தார், மூன்றே ஆண்டில் தேசிய அறிவியல் கழகத் தலைவராகப் போய்விட்டார். காட்லீ பதினாறு ஆண்டு இருந்தார்.

#13 தாமிரத்தகடு

ஏற்கிறேன். மருத்துவ இதழ்களுக்குள் மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன். காட்லீயும் மருத்துவ இதழ்தான் என்று அடுத்துச் சொல்வீர்கள், அதையும் ஏற்கிறேன்.

#14 வேம்பரசி

ஒரு கிளைக்கதை, மன்னிக்கவும். இந்த ஆய்வுகள் பலவற்றில் பெயரை வைத்துக் கணினிதான் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. நம் ஊர்ப் பெயர்களை அது என்ன செய்யும்? என் பெயர் முன்னெழுத்து இரண்டும் கூட ஒரு சொல்லும். வெளிநாட்டுப் படிவத்தில் அப்பா பெயர் ‘கடைசிப் பெயர்’ ஆகி, என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, நான் அச்சில் என் அப்பாவாகவே வாழ்கிறேன். பன்னிரண்டு ஆண்டில் எனக்கு வந்த மதிப்பாய்வு அழைப்புகளில் பாதிக்கு மேல் ‘அன்புள்ள ஐயா’ என்றுதான் தொடங்கின. ஒரு தடவை திருத்தி எழுதினேன். அடுத்த அழைப்பு வரவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்று தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு திருத்துவதை விட்டுவிட்டேன்.

#15 மெய்ப்பு

இது தினசரி எங்கள் மேசையில் நடப்பது வேம்பரசி. முன்னெழுத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று கட்டுரையாளரைக் கேட்டால், ‘உங்கள் விருப்பம்’ என்று பதில் வரும். என் விருப்பமா!

#16 கணக்குப்பிள்ளை

பெயர் புரியாதபோது பொதுவாகக் கணக்கிலிருந்தே விட்டுவிடுவார்கள். ஆகவே அந்தச் சதவீதங்களில் நம்மில் பலர் ஆணாகவும் இல்லை, பெண்ணாகவும் இல்லை. இந்தியாவுக்கென்று தனியாகக் கை வைத்து எண்ணியவர்கள் ‘பயஸ்வாட்ச் இந்தியா’ குழுவினர். அவர்கள் எண்ணியது பேராசிரியர் பணியிடங்களை. அறிவியல் தொழில்நுட்பத் துறைகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் பெண். முதல் படியே அவ்வளவு ஒடுக்கம்.

#17 மணிமுத்தாறு

நெய்தல் கேட்ட கேள்வி இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. பரணிலிருந்து பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். ஒன்பது ஆண்டில் இணை ஆசிரியராக நான் அழைத்த ஆண்கள் பதினான்கு பேர். மறுத்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர் தன் மகள் திருமணத்தைக் காரணம் காட்டியிருக்கிறார். ஒருவரின் மறுப்பும் எனக்கு நினைவில் இல்லை. மாமியார் மட்டும் நன்றாக நினைவிருக்கிறார்.

பதினான்குக்கு மூன்று என்பதை இப்போதுதான் எழுத்தில் பார்க்கிறேன். அப்போது எங்கள் சங்கத்தில் பெண்கள் அவ்வளவு குறைவாகவும் இல்லை.

வேதியியல்காரன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். என் மேசையில் முப்பதாண்டு இருந்தவை படிகவியலின் அனைத்துலக அட்டவணைகள். முதல் தொகுதி 1952. அதன் தலைமைப் பதிப்பாசிரியர் கேத்லீன் லான்ஸ்டேல். இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி பெண்களை உறுப்பினராக ஏற்றதே 1945இல்தான், முதல் இருவரில் அவர் ஒருவர். கண் எரிய எண்களைச் சரிபார்க்கும் தலைமையை ஒரு பெண்ணிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அட்டவணைகளை ஆயிரம் தடவை புரட்டியிருக்கிறேன், அட்டையில் இருந்த பெயரை ஒரு நாளும் நிதானித்துப் படித்ததில்லை.

#18 நெய்தல்

ஐயா, பரணில் ஏறியதற்கு நன்றி. உண்மையிலேயே.

#19 வேம்பரசி

வேதியியலில் எனக்குக் கண்ணில் பட்டது, பெண்கள் தலைமைக்கு வந்த இடங்களில் சில புதிதாகத் தொடங்கிய இதழ்கள். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ‘ஏ.சி.எஸ் கெமிக்கல் பயாலஜி’ 2006இல் லாரா கீஸ்லிங் தலைமையில் தொடங்கியது. ‘ஏ.சி.எஸ் சென்ட்ரல் சயன்ஸ்’ 2015இல் கரோலின் பெர்டோசி தலைமையில். அவர் 2022இல் நோபல் பெற்றார். பழைய வீட்டில் அறை கிடைக்காவிட்டால் புது வீட்டில் கிடைக்கிறது. அங்கே கையைக் காட்ட முந்தைய ஆள் இல்லை அல்லவா?

#20 மெய்ப்பு

வேலைக்கு நடுவே எழுதுகிறேன். பிரிட்டனின் வேதியியல் சங்கமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2020இல் பதிப்பகங்களைக் கூட்டிப் பன்முகத்தன்மைக்கான கூட்டு உறுதிமொழி ஒன்றைத் தொடங்கியது. பல பெரிய பதிப்பகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால் இரண்டே வேலை: பதவிக்காலத்துக்கு எல்லை வையுங்கள், காலியிடத்தை இதழின் முதல் பக்கத்தில் அறிவியுங்கள். பட்டியலில் முப்பது பெயரைச் சேர்ப்பதற்கு எனக்கு அரை மணி நேரம் ஆகும். முதல் வரியில் உள்ள ஒரே பெயரை மாற்றும் வேலை இந்தப் பதினாறு ஆண்டில், ஓர் இதழில், எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

#21 வடக்குவாசல்

பதவிக்கால எல்லைக்கு என் வாக்கு. அதற்கு ஆண் பெண் கணக்கே தேவையில்லை.

#22 நெய்தல்

நேற்று அந்த ஆசிரியருக்கு இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் பட்டியலை அவசரத்தில் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு, இன்னும் நான்கு பெயர்களைச் சேர்த்தேன். நால்வரும் பெண்கள், நால்வரின் ஆய்வையும் ஒவ்வொரு வரியில் விளக்கினேன். முதல் பட்டியலில் ஆண்களுக்கு அப்படி ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்பதை அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். பதில் இன்னும் வரவில்லை.

#23 மணிமுத்தாறு

எங்கள் சங்க இதழுக்கும் அடுத்த முதன்மை ஆசிரியரைத் தேடுகிறார்கள். முன்னாள் ஆசிரியன் என்பதால் என்னிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள். கனிம வேதியியலில் உழைப்பாளிகளான பெண் பேராசிரியர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள்.

#24 கணக்குப்பிள்ளை

தனிமடலில் வேண்டாம் ஐயா. சங்கத்தின் இணையதளத்தில் அறிவிப்பாகப் போடச் சொல்லுங்கள். யாருக்கு விருப்பமோ அவர்களே விண்ணப்பிக்கட்டும்.

#25 மணிமுத்தாறு

அறுபது ஆண்டாக அப்படி வழக்கமே இல்லை. சரி, நாளை காலை செயலரைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு வருகிறேன்.